மழைநாள் பெரட்டு: 41 ஆணைகளில் எதை முதலில் எடுப்பது

போன மாதம் தம்பி மகள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். அனைத்துலக அமைப்பு ஒன்றில் திட்ட அதிகாரியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் ஊர் சுங்கை சிப்புட், அதன் கடைத்தெருவில் பசியாற உட்கார்ந்தோம். தோசை வருவதற்குள் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"அத்தை, இதுதான் எங்கள் அலுவலகத்தின் இந்த வருஷ வேலைத் திட்டம். மொத்தம் 41 வேலை. எதைத் தொட்டாலும் 'இது மேண்டேட், மேலிருந்து வந்த ஆணை, விடமுடியாது' என்கிறார்கள். நாங்கள் இருப்பது 9 பேர். எதை முதலில் எடுப்பது?"

இதே கேள்வியோடு நான் 26 ஆண்டு சம்பளம் வாங்கியிருக்கிறேன். வேலைத் திட்டம், பட்ஜெட், அறிக்கை என்று மூன்று நாடுகளில் உட்கார்ந்துவிட்டு இப்போது ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சேர்த்தும் எழுதுகிறேன், ஏனென்றால் தோசை வந்ததும் பாதிப் பேச்சு நின்றுபோனது.

என் அப்பா இங்கே பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலை மேற்பார்வையாளர். விடியுமுன் பெரட்டு, ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது. செக்ரோல் என்ற பேர்ப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த வேலை என்று பிரித்து அனுப்புவார். வெயில் காலத்தில் அதில் ஒரு சிரமமும் இல்லை, எல்லோருக்கும் பால் வெட்டு. இரவு மழை பெய்திருந்தால்தான் சங்கடம். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டக்கூடாது. பால் வெட்டிய கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். வெளிக்காட்டு வேலையோ வரிசையில் நிற்கும்: புல், உரம், அடைத்த கால்வாய், சாய்ந்த வேலி. ஒவ்வொன்றையும் தோட்ட மேலாளரான துரை ஒரு நாள் வந்து "இது முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அப்பா எது முக்கியம் என்று யோசித்து நான் பார்த்ததில்லை. இன்றைக்குச் செய்யாவிட்டால் எது கெட்டுப்போகும் என்றுதான் பார்ப்பார். புல் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். கால்வாய் அடைத்துக் கிடந்தால் அடுத்த மழைக்கு நாற்றங்கால் தண்ணீரில் நிற்கும். ஆக, எல்லோரும் கால்வாய்க்கு.

இந்த ஒரு கேள்வியைப் பெரிய அலுவலகங்களில் கேட்க எனக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது.

முதலில் தாள், பேனா

எந்த மென்பொருளும் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. அந்த வரியில் ஐந்து விவரம்: இதைச் செய் என்று சொன்னது யார், எந்த ஆண்டு, எந்த வினைச்சொல்லில், அதற்குக் காசு வைத்தார்களா, எப்போது முடிகிறது. ஒரு நாள் வேலை இது. ஆனால் அந்த ஒரு நாளை யாரும் ஒதுக்குவதில்லை.

ஆணை என்றால் எல்லாம் ஒரே எடை இல்லை. அமைப்பின் சாசனம் அடித்தளம். அதன்மேல் பேரவையோ ஆட்சிமன்றமோ நிறைவேற்றிய தீர்மானங்கள். அப்புறம் ஒப்புதல் பெற்ற பட்ஜெட், நாலைந்து ஆண்டு வியூகத் திட்டம், தலைவரின் சுற்றறிக்கை. இவற்றோடு நன்கொடை நாட்டோடு போட்ட ஒப்பந்தம், பணி செய்யும் நாட்டின் அமைச்சகம் கேட்டது. கடைசியாக, யாரும் கேட்காமல் நாமே பழக்கத்தில் செய்துவருவது.

இந்தக் கடைசி வகையைக் கவனியுங்கள். தம்பி மகளின் தாளில் 41 வரிக்கும் மூலம் தேடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஃபோன் செய்தாள். 7 வேலைக்கு மூலமே கிடைக்கவில்லையாம். அதில் ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் செய்திமடல். முன்பு இருந்த ஓர் அதிகாரிக்கு எழுதுவதில் ஆசை, ஆரம்பித்தார், மாற்றலாகிப் போனார். செய்திமடல் மட்டும் மேண்டேட் என்ற பெயரோடு தங்கிவிட்டது.

வினைச்சொல்லைப் படியுங்கள்

தீர்மானங்களை எழுதுகிறவர்கள் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து ஒரு வினைச்சொல்லுக்குச் சண்டை போடுவார்கள். நாமோ அதைப் படிக்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறோம். "முடிவு செய்கிறது" என்றால் ஒன்று. "கோருகிறது" என்றால் செயலகம் செய்தாக வேண்டும். "அழைக்கிறது", "ஊக்குவிக்கிறது" என்பதெல்லாம் பெரும்பாலும் உறுப்பு நாடுகளைப் பார்த்துச் சொல்வது. நமக்கு அதில் நேரடி வேலை குறைவு. "கவனத்தில் கொள்கிறது" என்றால் கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஒரு மாதிரி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளி வருகை குறித்து, இருக்கும் வளங்களுக்குள், அடுத்த கூட்டத் தொடரில் அறிக்கை தருமாறு தலைமை இயக்குநரைக் கோருகிறது." இதைப் படித்ததும் இளம் அதிகாரிகள் உணர்ச்சிவசப்பட்டு மூன்றாண்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை வரைந்துவிடுவார்கள். நிதானமாகப் பாருங்கள். கேட்டது அறிக்கை. ஒரே ஒரு முறை. கேட்கப்பட்டவர் தலைமையகத்தில் இருக்கிறார். "இருக்கும் வளங்களுக்குள்" என்றால் புதுக் காசு கிடையாது. ஆக, தம்பி மகளுடையது போன்ற நாட்டு அலுவலகத்தின் பங்கு, கேட்கும்போது புள்ளிவிவரம் அனுப்புவது. இரண்டு வாரம் போதும். பயிற்சித் திட்டம் நல்லதாகவே இருக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அதை ஆணை என்று சொல்லி மற்ற வேலையைத் தள்ளக்கூடாது.

காசு விஷயத்தில் ஒரு சின்ன விவரம். ஐ.நா. பொதுச் சபையின் நடைமுறை விதிகளில் 153ஆவது விதி, செலவு வைக்கும் தீர்மானம் எதுவானாலும் அதற்கு எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீடு முன்னே வரவேண்டும் என்கிறது. உங்கள் தீர்மானத்துக்கு அந்த மதிப்பீட்டுத் தாள் இருந்ததா, அதில் என்ன தொகை, எத்தனை பதவி என்று தேடிப் பாருங்கள். இருந்தால் மேலதிகாரியிடம் பேசும்போது அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. "செலவில்லை என்று சொல்லித்தான் நிறைவேற்றினார்கள்" என்ற ஒரு வரி ஒரு மணி நேர வாதத்தை முடித்துவைக்கும்.

கோலகங்சார் மரம்

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கோலகங்சார். 1877இல் அங்கே நட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது. வேலி கட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் போய்ப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். அந்த மரத்துக்குப் பால் வெட்ட யாரும் ஆள் அனுப்புவதில்லை. வெட்டிச் சாய்க்கவும் மாட்டார்கள்.

பழைய ஆணைகளை அப்படித்தான் நடத்த வேண்டும். அவற்றை நீக்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 2005 ஐ.நா. உச்சி மாநாட்டில், ஐந்து ஆண்டுக்கு மேல் பழையதான ஆணைகளை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2006இல் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் கணக்கெடுத்து முன்வைத்தபோது 9,000க்கும் மேல் இருந்தது. பேச்சு இரண்டு ஆண்டு போனது. பெரிதாக எதுவும் நீங்கவில்லை. ஒவ்வோர் ஆணைக்கும் எங்கோ ஒரு நாடு தாய்மாமன் மாதிரி நிற்கும், தொட்டால் சபைக்கு வந்துவிடும். 2025 மார்ச்சில் பொதுச் செயலாளராக இருந்த அந்தோனியோ குட்டெரெஸ் தொடங்கிய 'ஐ.நா. 80' முயற்சியிலும் இதே ஆணைகள்தான் ஒரு பெரிய பகுதி. அப்போது வெளிவந்த கணக்கில், ஐ.நா. செயலகம் ஒரே ஆண்டில் 1,100 அறிக்கை எழுதியிருந்தது. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, ஆயிரம் முறைகூடத் தரவிறக்கப்படவில்லை.

பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை என்பார்களே, அதுதான். தீர்மானம் கொண்டுவரும் நாட்டுக்கு அது ஒரு பல்குச்சி. 193 நாடும் ஆளுக்கொன்று போட்டால் சுமப்பது செயலகம். மேலே இருப்பவர்கள் வரிசைப்படுத்தித் தருவார்கள் என்று காத்திருக்கவும் முடியாது. பொதுச் சபை தன் வேலைத் திட்டத்துக்கு எட்டு முன்னுரிமை வைத்திருக்கிறது: வளர்ச்சி, அமைதி, ஆப்பிரிக்கா, மனித உரிமை, மனிதாபிமான உதவி, சட்டம், ஆயுதக் குறைப்பு, போதைப்பொருள்-குற்றம்-பயங்கரவாதம். இதில் சேராத வேலை ஏதாவது ஐ.நா.வில் இருக்கிறதா, எனக்குத் தெரிந்து இல்லை.

அதனால் நாட்டு அலுவலகத்தில் செய்யக்கூடியது இதுதான்: பழைய ஆணையை நீக்கச் சொல்லாதீர்கள். வேலி கட்டி வைத்துவிடுங்கள். ஆண்டு அறிக்கையில் அதற்கு ஒரு பத்தி, இணையப் பக்கத்தில் ஓர் இணைப்பு, கேட்டால் பதில் சொல்ல ஒருவர். ஆள் அனுப்ப வேண்டாம். தம்பி மகளின் பட்டியலில் அப்படி 5 மரம் இருந்தது.

காசைவிட ஆள்வாரம்

பட்ஜெட்டை எல்லோரும் எண்ணுவார்கள். ஆட்களின் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. எண்ணிப் பாருங்கள், பயந்துபோவீர்கள்.

ஆண்டுக்கு 52 வாரம். ஐ.நா. முறையில் ஆண்டு விடுப்பு 30 வேலைநாள், அதாவது 6 வாரம். பொது விடுமுறை 10 நாள், 2 வாரம். காய்ச்சல், கட்டாயப் பயிற்சி என்று இன்னொரு 2 வாரம். மிச்சம் 42. அதில் மூன்றில் ஒரு பங்கை மின்னஞ்சல், கூட்டம், ஆள் தேர்வு, தணிக்கைக்குப் பதில் சொல்வது, தள்ளவே முடியாத சில வேலைகள் எல்லாம் தின்றுவிடும். 28 வாரம்தான் கைக்கு வரும். ஓர் ஆள் ஒரு வாரம் செய்யும் வேலையை ஓர் ஆள்வாரம் என்று வைத்தால், 9 பேருக்கு 252 ஆள்வாரம். சட்டியில் இவ்வளவுதான்.

41 வேலைக்கும் எத்தனை ஆள்வாரம் என்று தம்பி மகள் கூட்டிப் பார்த்தாள். 396 வந்தது. இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னேன். அதற்கு மேல் வாதாடத் தேவையில்லை.

மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே கழித்ததில் ஒரு காரணம் உண்டு. சில வேலைகள் வரிசைக்கே வரக்கூடாது: பணியாளர் பாதுகாப்பு, பணக் கணக்கு, நம் ஆட்களால் மக்களுக்கு நேரும் பாலியல் சுரண்டலைத் தடுப்பது, அப்படி ஒரு புகார் வந்தால் விசாரிப்பது. தோட்டத்தில் மழையோ வெயிலோ, துரை வருகிறாரோ இல்லையோ, ஆயாக்கொட்டகை திறந்திருக்கும். பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாவைக் கால்வாய் வெட்ட அனுப்பிய மண்டோர் ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பேர் செக்ரோலில் தனியாக இருக்கும். உங்கள் தாளிலும் தனியாக வையுங்கள்.

கெட்டுப்போகுமா?

இப்போது மிச்சமிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அப்பாவின் கேள்வி. ஆறு மாதம் தள்ளினால் இது கெட்டுப்போகுமா, அல்லது அப்படியே இருக்குமா?

வெட்டிய பால் மத்தியானத்துக்குள் சேகரித்தாக வேண்டும். மரத்தில் வைத்த மங்கு என்ற கிண்ணத்திலேயே விட்டால் கட்டிப்பால், விலை போச்சு. இன்று எங்கள் ஊரைச் சுற்றிச் செம்பனை. அங்கேயும் அதேதான். பழுத்த குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். உரமோ மூட்டையில் கொஞ்ச நாள் கிடக்கலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் பட்டது ஒன்றைச் சொல்கிறேன். நாட்டின் பெயரும் அமைப்பின் பெயரும் வேண்டாம். தோட்டப் பகுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிய கணக்கெடுப்பு ஒன்று எங்கள் பொறுப்பில் இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் முடித்தாக வேண்டும், ஏனென்றால் மழை வந்தால் அந்தப் பக்கம் மண் சாலையில் லோரிகூடப் போகாது. அதே சமயம் மேலிடத்துக்கு ஓர் ஆசை: உலக தினம் ஒன்றை ஒட்டித் தலைநகரில் பெரிய மாநாடு. இரண்டுமே ஆணைதான், இரண்டுக்கும் தீர்மான எண் உண்டு. திட்டத்தாள் என் கையில். நான் என்ன செய்தேன்? இரண்டுக்கும் பக்கத்தில் 'உயர் முன்னுரிமை' என்று எழுதினேன். யாருக்கும் மனம் கோணவில்லை. எனக்கும் நிம்மதி.

மாநாட்டுக்கு ஆள் போதவில்லை என்று கணக்கெடுப்பு ஆட்களை மூன்று வாரம் இழுத்துக்கொண்டார்கள். பெயரட்டை அச்சடிக்கவும் விமான நிலையத்துக்குக் கார் அனுப்பவும்தான். மூன்றாவது வாரம் முடிந்த அன்று மழை பிடித்தது. சாலை திறந்தபோது பள்ளி ஆண்டு முடிந்து, குடும்பங்கள் வேறு தோட்டத்துக்குப் போயிருந்தன. நன்கொடை ஒப்பந்தம் டிசம்பரோடு சரி. மிச்சக் காசைத் திருப்பி அனுப்பினோம். மாநாட்டுக் குழுப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாவது வரிசையில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

மாநாட்டை மூன்று மாதம் தள்ளியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உலக தினம் அடுத்த ஆண்டும் வரும். இதைச் சொல்லவேண்டிய ஆள் நான்தான், நான் சொல்லவில்லை.

ஆக, திட்டத்தாளில் 'உயர்', 'நடு', 'குறைவு' என்று எழுதாதீர்கள். எல்லாமே 'உயர்' ஆகிவிடும். அதற்குப் பதில் ஒரு தேதி எழுதுங்கள்: எந்தத் தேதிக்கு மேல் இது வீணாகும். மழை, தேர்தல், பள்ளி விடுமுறை, பட்ஜெட் தாக்கல், ஒப்பந்தம் முடியும் நாள், ஏதாவது ஒன்று இருக்கும். தேதியே எழுத முடியாத வேலை காத்திருக்கலாம்.

ஒரே குலைமேல் எத்தனை கை

அடுத்தது, நாம்தான் செய்யவேண்டுமா? செம்பனைக் குலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெட்டும் தொழிலாளியின் கூலியும் உரிமையும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் வேலை. 1958லேயே தோட்டத் தொழிலாளருக்கென்று தனி உடன்படிக்கை போட்டார்கள், எண் 110. அவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடிபெயர்வு அமைப்பு. அகதி என்றால் ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர்.; 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை, இருந்தும் அந்த அலுவலகம் 1975 முதல் இங்கே இருக்கிறது. காடு அழிந்ததா என்று சுற்றுச்சூழல் திட்டம் கேட்கும். விளைச்சலை உணவு விவசாய நிறுவனம் பார்க்கும். எண்ணெய் ஆனபிறகு உலகச் சுகாதார நிறுவனம் வந்து, இதில் தெவிட்டிய கொழுப்பு அதிகம், குறையுங்கள் என்னும். அதே நிறுவனம் 2018இல் ஆலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பை ஒழிக்கச் சொன்னது. பல உணவு ஆலைகள் அதற்கு மாற்றாகப் பிடித்தது எதை? இதே செம்பனை எண்ணெயை. ஒரு அமைப்புக்குள்ளேயே இரண்டு ஆணை ஒன்றையொன்று முட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே கிடைக்காது.

இப்படி எல்லோர் கையும் விழும் இடத்தில் உங்களிடம் மட்டும் இருப்பது என்ன என்று பாருங்கள். தொழிலாளர் நிறுவனத்துக்கு ஒரு தனி பலம் உண்டு: அரசு, முதலாளி, தொழிற்சங்கம் மூவரும் அதன் ஆட்சிமன்றத்தில் உட்காருகிறார்கள், 28, 14, 14 என்று. மூவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வேலை என்றால் அதை அவர்களிடம் விட்டுவிடுவதே புத்தி. 2019 முதல் நாட்டு அளவில் ஐ.நா. ஒருங்கிணைப்பாளர் தனிப் பதவியாக இருக்கிறார். யார் எதைச் செய்வது என்று அவர் கூட்டும் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். "இதை நாங்கள் விடுகிறோம், நீங்கள் எடுங்கள்" என்று சொல்ல அலுவலகங்களுக்கு ஏனோ கூச்சம். தம்பி மகள் ஒருங்கிணைப்பாளர் கூட்டத்தில் 6 வரியை அப்படித் தள்ளினாள். நாலை உடனே எடுத்துக்கொண்டார்களாம், மற்ற இரண்டுக்கும் இழுபறி நடந்து ஒரு மாதத்தில் முடிந்தது.

கையெழுத்துக்கு முன்

நன்கொடைக் காசு பற்றிச் சுருக்கமாக. உலகச் சுகாதார நிறுவனத்தில் உறுப்பு நாடுகள் கட்டும் கட்டாயச் சந்தா நெடுங்காலம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழேதான். மிச்சம் விருப்பக் கொடை, அதில் பெரும்பகுதி இன்ன வேலைக்கு என்று முத்திரை குத்தி வருவது. இந்தச் சந்தாவைப் படிப்படியாக அடிப்படை பட்ஜெட்டில் பாதிவரை ஏற்ற 2022இல் முடிவெடுத்தார்கள். ஆனாலும் 2026-27க்கான பட்ஜெட்டை 21 சதவீதம் குறைத்து 420 கோடி டாலருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட காலத்தில் யார் காசு கொடுத்தாலும் கை நீட்டத் தோன்றும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபிறகு முன்னுரிமை பேச முடியாது, அது சட்டக் கடமை. முன்னுரிமை பேசும் இடம் கையெழுத்துக்கு முந்தின வாரம். "எங்கள் தாளில் இல்லாத வேலை இது, இதற்கு ஆளோடு சேர்த்துக் காசு தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். சில சமயம் தருவார்கள்.

செய்யாத வேலைக்கு ஒரு தாள்

இதுதான் எல்லோரும் தவிர்க்கும் படி. 41இல் மூலம் இல்லாத 7, வேலி கட்டிய 5, மற்ற அமைப்புகளிடம் தள்ளிய 6 போக 23. அந்த 23க்கும் 270 ஆள்வாரம். கையில் 252. இன்னும் 18 வாரம் இடித்தது. தம்பி மகள் "எப்படியாவது சமாளிச்சிடலாம் அத்தை" என்றாள். சமாளிக்க முடியாது. சமாளிப்பது என்றால் 23 வேலையும் அரைகுறையாக நிற்கும், யாரோ ஒரு பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகத்தில் உட்காரும்.

இரண்டு வேலையை வெளிப்படையாகத் தள்ளச் சொன்னேன். தனித் தாளில் நாலு வரி போதும்: இந்த ஆண்டு செய்யாத வேலை இது, காரணம் இது, இதனால் யாருக்கு என்ன பாதிப்பு, திரும்ப எப்போது பார்ப்போம். கீழே தலைவரின் கையெழுத்து. வாய்ப்பேச்சு எடுபடாது. ஆறு மாதம் கழித்து "அது ஏன் நடக்கவில்லை?" என்று கேட்கப்போகிறவரே அவர்தான்.

தலைவர் அறைக்குள் போகும்போது புலம்பலோடு போகாதீர்கள். "வேலை அதிகம்" என்பது அவருக்குச் செய்தி இல்லை. இரண்டு வழியோடு போங்கள். முதல் வழியில் போனால் இன்னது நடக்கும், இன்னது நிற்கும். இரண்டாவதில் போனால் இப்படி. எனக்கு முதல் வழி சரியென்று படுகிறது, நீங்கள் சொல்லுங்கள். அவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். பரவாயில்லை. எதை விடுவது என்ற பேச்சு நடந்துவிட்டது.

அமைச்சக அதிகாரியிடம் "முடியாது" என்ற சொல்லே வேண்டாம். நம் பக்கத்தில் அதை அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். "ஏப்ரலில் ஆள் இல்லை, செப்டம்பரில் இரண்டு பேர் வருகிறார்கள், அப்போது தொடங்கினால் முழுதாகச் செய்யலாம்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் செப்டம்பரில் நீங்களே முதலில் ஃபோன் செய்யவேண்டும். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் அடுத்த முறை உங்கள் தேதியை நம்ப மாட்டார்கள்.

நடு ஆண்டில் புது ஆணை வரும். வராமல் இருக்காது. யாரோ ஒரு கூட்டத்திலிருந்து திரும்பி வந்து "இனி இதுதான் முதல்" என்பார். எதிர்க்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே பக்கத்தில் எந்த வரி வெளியே போகிறது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பென்சிலில் எழுதுங்கள். அப்பாவின் செக்ரோலில் பேர்கள் பேனாவில் இருக்கும், வேலை மட்டும் பென்சிலில். காதில் எப்போதும் அந்தக் கட்டைப் பென்சில் இருக்கும். துரை மோட்டார் சைக்கிளில் வந்து, "மண்டோர், நாலு ஆளை பங்களாவுக்கு அனுப்பு" என்றால், "சரிங்க துரை, எந்த நாலு ஆள்?" என்று புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி நீட்டுவார்.

தம்பி மகள் போன வாரம், தள்ளிய அந்த இரண்டு வேலைக்கான தாள்களைத் தலைவர் அறைக்குள் கொண்டுபோயிருக்கிறாள். ஒன்றுக்குக் கையெழுத்து வந்துவிட்டது. இன்னொன்றைத் தலைவர் "யோசிக்கிறேன்" என்று மேசையில் வைத்துக்கொண்டாராம். திங்கட்கிழமை பிரதி ஒன்றோடு மறுபடி போகச் சொல்லியிருக்கிறேன்.